வேலையை விடாமல் தடயவியல் உளவியல் முதுகலை: பகுதிநேரமாகப் படிக்க நினைப்பவர்களின் கேள்விகள்

இந்தப் படிப்பைப் பற்றி விசாரிப்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஒரு வேலையில் காலூன்றியவர்கள். சிறை அலுவலர், மனநல வார்டு செவிலியர், காவல்துறையில் இருப்பவர், குடும்ப நீதிமன்றத்தில் வழக்காடும் வழக்கறிஞர், சிறார் இல்லத்தில் பணிபுரியும் சமூகப் பணியாளர் என்று பட்டியல் நீளும். சம்பளத்தையும் விட முடியாது, ஆசையையும் விட முடியவில்லை என்று இருப்பவர்களுக்காக இந்தப் பக்கம். அவர்களுக்கு இது மிகவும் பொருத்தமான படிப்பு என்பதே என் கருத்து. நேரம் ஒதுக்குவது பெரிய பாடுதான். ஆனாலும் அதைவிடக் கடினம், பல வருட வேலையில் ஊறிப்போன தீர்மானங்களைத் திரும்ப எடுத்துப் பார்க்கச் சம்மதிப்பது. கீழே வரும் பதில்களில் பல அந்த இடத்துக்கே வந்து சேரும்.

இந்த முதுகலையில் உண்மையில் என்ன படிப்போம்?

சட்டமும் உளவியலும் சந்திக்கும் எல்லா இடங்களையும் படிப்பீர்கள். சாட்சிகளின் நினைவாற்றல், காவல் விசாரணை முறைகள், பொய் வாக்குமூலம் எப்படி உருவாகிறது, குற்றம் சாட்டப்பட்டவர் வழக்கைப் புரிந்துகொள்ளும் மனநிலையில் இருக்கிறாரா என்ற மதிப்பீடு, வன்முறை மீண்டும் நிகழும் அபாயத்தைக் கணிப்பது, சிறையில் நடத்தப்படும் மறுவாழ்வுத் திட்டங்கள், பாதிக்கப்பட்டவர்களின் உளவியல், குழந்தைகளின் சாட்சியம். இவற்றுக்கு அடித்தளமாக ஆய்வு முறைகளும் புள்ளியியலும் இருக்கும். கடைசியில் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும்.

பாடம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைப் போட்டுக் காட்டினார்கள். பிறகு, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரே ஒரு வினைச்சொல் மட்டும் ஆளுக்கு ஆள் மாறியது. ‘நொறுங்க மோதியபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40.5 மைல் என்றார்கள். ‘தொட்டபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் சொன்னது 31.8 மைல். அதே ஆய்வின் இரண்டாவது பகுதியில், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ‘நொறுங்க மோதியபோது’ என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். சாதாரணமாக ‘இடித்தபோது’ என்று கேட்கப்பட்டிருந்த 50 பேரில் 7 பேர்தான் அப்படிச் சொன்னார்கள்.

தினமும் யாரையாவது விசாரிக்கும் வேலையில் இருப்பவர் இதைப் படித்துவிட்டு மறுநாள் பணிக்குப் போனால், தன் வாயிலிருந்து வரும் கேள்விகளே அவருக்கு வேறு மாதிரி கேட்கும். முழுநேர மாணவருக்கு இது தேர்வுக்கான ஒரு பகுதி. உங்களுக்கு அன்றாடப் பிழைப்பு. பகுதிநேரப் படிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

தொடர்களில் வருவதுபோல் குற்றவாளியின் குணத்தை வரைந்து ஆளைப் பிடிப்பது?

ஒரு சில வகுப்புகளில் வரும். அதிலும் அந்த முறைக்குப் பின்னால் இருக்கும் ஆதாரம் எவ்வளவு மெலிந்தது என்பதே முக்கியப் பாடமாக இருக்கும். அதற்காக மட்டும் சேர்வதாக இருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இளங்கலையில் உளவியல் படிக்கவில்லை. சேர முடியுமா?

சில பல்கலைக்கழகங்கள் சட்டம், குற்றவியல், சமூகப்பணி, செவிலியம் படித்தவர்களையும் எடுத்துக்கொள்கின்றன. சேர முடியுமா என்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: சேர்ந்து முடித்த பிறகு அந்தப் பட்டம் எதற்குச் செல்லும்? பிரிட்டனில் இளங்கலை அளவில் அங்கீகரிக்கப்பட்ட உளவியல் அடிப்படை இல்லாமல் இந்த முதுகலையை முடித்தால், பட்டம் கையில் இருக்கும், உளவியலாளர் ஆகும் பாதை மட்டும் திறக்காது. அதனால் சிலர் முதலில் ஒரு மாற்றுப் படிப்பின் மூலம் அந்த அடிப்படையைப் பெற்றுக்கொண்டு பிறகு இதற்கு வருகிறார்கள். இப்போது பார்க்கும் வேலையிலேயே தொடர்ந்து, அதில் ஆழம் தேடுவதுதான் நோக்கம் என்றால் இந்தச் சுற்றுவழி தேவையில்லை.

முடித்தவுடன் ‘தடயவியல் உளவியலாளர்’ என்று பலகை மாட்டலாமா?

பெரும்பாலான நாடுகளில் முடியாது. இதைச் சேரும் முன்பே தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு மூன்று வருடம் தூக்கத்தைத் துறந்து படித்துவிட்டு, கடைசி செமஸ்டரில் இந்தச் செய்தியைக் கேட்டு நொந்துபோனவர்கள் இருக்கிறார்கள்.

பிரிட்டனில் அந்தப் பெயர் 2009 முதல் சட்டப் பாதுகாப்பு பெற்றது. சுகாதார, பராமரிப்புத் தொழில்களுக்கான ஒழுங்குமுறை மன்றத்தில் பதிவு இல்லாதவர் அதைப் பயன்படுத்துவது குற்றம். அங்கே அங்கீகாரம் பெற்ற முதுகலை என்பது முதல் கட்டம் மட்டுமே. அதற்குப் பிறகு மேற்பார்வையில் சில ஆண்டுகள் வேலை செய்து இரண்டாம் கட்டத்தை முடிக்க வேண்டும். அல்லது முனைவர் பட்ட வழியில் போக வேண்டும். அமெரிக்காவில் உளவியலாளராகச் சுயமாகத் தொழில் செய்ய உரிமம் வேண்டும். அதற்குப் பொதுவாக முனைவர் பட்டம் கேட்பார்கள். உரிமம் தருவது ஒவ்வொரு மாநிலத்தின் பொறுப்பு என்பதால் விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆஸ்திரேலியாவில் பொதுப் பதிவுக்கு மேலே இந்தத் துறைக்கெனத் தனி ஒப்புதல் பெற வேண்டும். இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு தேவை. தடயவியல் உளவியலில் முதுகலை முடித்ததால் மட்டும் அந்தப் பதிவு தானாக வந்துவிடாது.

பட்டம் வீண் என்று இதற்குப் பொருள் கிடையாது. சிறை, நன்னடத்தைக் கண்காணிப்பு, பாதிக்கப்பட்டோர் உதவி, சிறார் நீதி, காவல் பயிற்சி, போதை மறுவாழ்வு, கொள்கை ஆய்வு ஆகியவற்றில் உளவியலாளர் என்ற பெயர் இல்லாமலேயே இந்த அறிவுக்கு இடம் இருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறீர்கள் என்றால் பதவி உயர்வுக்கும் துறை மாற்றத்துக்கும் உதவும். எதற்காகப் படிக்கிறோம் என்பதை ஒரு தாளில் எழுதி, அந்த வேலைக்கான விளம்பரங்கள் நான்கைந்தைத் தேடி எடுத்து, என்ன தகுதி கேட்டிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கல்லூரி விளம்பரத்தைவிட வேலை விளம்பரம்தான் உண்மையைச் சொல்லும்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேண்டும்?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பிரிட்டிஷ் முறையில் ஒரு முதுகலை 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு என்று வைத்திருக்கிறார்கள். வகுப்பு, வாசிப்பு, அசைன்மென்ட், ஆய்வேடு எல்லாம் சேர்த்து 1,800 மணி நேரம். இரண்டு வருடத்தில் முடிப்பதாக இருந்தால் வருடத்துக்கு 900. பண்டிகை, காய்ச்சல், ஆபீஸில் தலைக்கு மேல் வேலை என்று பத்து வாரம் எப்படியும் கையை விட்டுப் போகும். மீதி 42 வாரங்களில் வாரத்துக்கு 21 மணி நேரம் வரும். மூன்று வருடமாக நீட்டினால் வாரத்துக்கு 14 மணி நேரத்துக்குச் சற்று மேல். ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேரம். 120 கிரெடிட் உள்ள படிப்பு என்றால் மொத்தச் சுமை 3,000 முதல் 3,600 மணி நேரம் வரை வரும்.

21 மணி நேரம் என்பது எப்படி இருக்கும்? நான்கு வேலை நாட்களில் தலா இரண்டரை மணி, சனிக்கிழமை ஆறு, ஞாயிறு ஐந்து. தாளில் எழுதும்போது அழகாக இருக்கும். ஷிப்ட் முடிந்து இரவு ஒன்பதரைக்கு வீடு வந்து, இடையீட்டு மாறி என்ற புள்ளியியல் கருத்தைப் பற்றிய கட்டுரையைத் திறந்தால் முதல் பத்தியையே மூன்று முறை படிக்க வேண்டியிருக்கும். களைத்த இரண்டரை மணி நேரத்தில் உருப்படியாக ஒரு மணி நேரம் தேறினால் பெரிது.

அதனால் என் பரிந்துரை இது. வாசிப்பைக் களைத்த நேரத்துக்கும் எழுத்தைத் தெளிந்த நேரத்துக்கும் பிரித்து வையுங்கள். விடியற்காலையில் தெளிவாக இருப்பவர் அந்த நேரத்தை மின்னஞ்சலுக்குக் கொடுக்கக் கூடாது. மூன்று வருட வாய்ப்பு இருந்தால், குழந்தையோ முதியவர்களோ வீட்டில் இருப்பவர்கள் யோசிக்காமல் அதையே எடுக்கலாம். ஒரு வருடம் கூடுதலாக ஆவதை எந்த முதலாளியும் குறையாகப் பார்ப்பதில்லை.

பகுதிநேரமும் ஆன்லைனும் ஒன்றா?

இல்லை. பகுதிநேரம் என்று சொல்லிவிட்டு வார நாளில் பகல் பதினொரு மணிக்கு நேரில் வரச் சொல்லும் படிப்புகள் உண்டு. முழுநேர மாணவர்களின் கால அட்டவணையிலேயே பகுதிநேர மாணவர்களையும் உட்கார வைப்பார்கள், எண்ணிக்கையில் மட்டும் பாடங்கள் குறையும். ஆன்லைன் என்றாலும், குறிப்பிட்ட நேரத்தில் நேரலையில் இருக்க வேண்டுமா, பதிவைப் பிறகு பார்த்தால் போதுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரவு ஷிப்டில் இருப்பவருக்கு இந்த ஒரு கேள்வி போதும், சேரலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க.

மேலாளரிடம் சொல்ல வேண்டுமா?

சொல்லிவிடுங்கள். விண்ணப்பிக்கும்போதே சொல்வது நல்லது. படிப்புக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்தால் கட்டணத்தில் ஒரு பங்கையோ படிப்பு விடுப்பையோ நிறுவனம் தரக்கூடும். பணம் தந்தால் முடித்த பிறகு இத்தனை வருடம் இங்கேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் படித்துப் பாருங்கள்.

பொத்தாம் பொதுவாக ‘கொஞ்சம் ஒத்துழைப்பு வேண்டும்’ என்று கேட்டால் பொத்தாம் பொதுவாக ‘பார்க்கலாம்’ என்று பதில் வரும். கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த இரண்டு வாரங்களில் அசைன்மென்ட் சமர்ப்பிக்க வேண்டும், அப்போது இரவு ஷிப்ட் வேண்டாம், ஆய்வேட்டுக்குக் கடைசி மாதத்தில் ஐந்து நாள் லீவு வேண்டும் என்று தேதி போட்டுக் கேளுங்கள். மேலாளருக்கும் அதுதான் வசதி.

வேலையில் பார்த்த வழக்குகளை அசைன்மென்ட்டில் எழுதலாமா?

மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. பெயரை மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு ஊர், ஒரு வயது, ஒரு விசித்திரமான குற்றம் மூன்றும் சேர்ந்தால் பெயரே தேவையில்லை, தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த மனிதர் தன் வாழ்க்கையின் மோசமான நாளைப் பற்றி உங்களிடம் பேசியது நீங்கள் அலுவலர் என்பதால். மாணவர் என்பதற்காக அவர் பேசவில்லை. கோப்புகளைப் படிப்புக்காகத் திறந்து பார்ப்பதும் அப்படியே. வேலைக்காகத் தரப்பட்ட அனுமதியை வீட்டுப்பாடத்துக்குப் பயன்படுத்தினால் அது விதிமீறல், பல இடங்களில் வேலையே போகக்கூடிய விதிமீறல்.

எழுதியே தீர வேண்டுமென்றால் நிறுவனத்திடமும் பல்கலைக்கழகத்திடமும் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்குங்கள். இல்லாவிட்டால் நீதிமன்றத் தீர்ப்புகளாக ஏற்கெனவே வெளிவந்த வழக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றிலேயே ஒரு வாழ்நாளுக்குப் போதுமான விஷயம் இருக்கிறது. உங்கள் அனுபவம், எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று காட்டும். அதுவே பெரிய பலன்.

இன்னொன்றும் உண்டு. ஒருவருக்குச் சிகிச்சை தருபவரும் அவரைப் பற்றி நீதிமன்றத்துக்கு நடுநிலையாக அறிக்கை தருபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது இந்தத் துறையின் அடிப்படை நெறி. 1997இல் ஸ்டூவர்ட் கிரீன்பெர்க், டேனியல் ஷூமன் இருவரும் எழுதிய கட்டுரை இதை விரிவாக விளக்கியது. சிகிச்சை தருபவர் நோயாளியின் பக்கம் நிற்க வேண்டும். மதிப்பீடு செய்பவர் யார் பக்கமும் நிற்கக் கூடாது, எதிரில் இருப்பவர் சொல்வதை மற்ற ஆதாரங்களோடு சரிபார்க்க வேண்டும். ஆலோசகராகவோ செவிலியராகவோ வேலை செய்துகொண்டே படிப்பவருக்கு இந்த இரண்டும் ஒரே நாளில், ஒரே தலைக்குள் மோதும். காலையில் நம்பிக் கேட்க வேண்டும், மாலை வகுப்பில் சந்தேகித்துப் படிக்க வேண்டும். இந்த இழுபறியைப் பற்றி வகுப்பில் வெளிப்படையாகப் பேசுங்கள். மற்ற மாணவர்களுக்கும் அது பாடமாகும்.

ஆய்வேட்டை என் அலுவலகத்திலேயே செய்துவிடலாமா?

வசதியாகத் தோன்றும். ஆனால் உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவரோ உங்கள் கண்காணிப்பில் இருக்கும் கைதியோ ‘விருப்பப்பட்டுக் கலந்துகொள்கிறேன்’ என்று கையெழுத்துப் போட்டால் அந்த விருப்பத்துக்கு என்ன மதிப்பு? நெறிமுறைக் குழு முதலில் கேட்பது இதைத்தான். சிறை, மருத்துவமனை போன்ற இடங்களில் பல்கலைக்கழகத்தின் அனுமதி மட்டும் போதாது. அந்தத் துறையும் தனியாக அனுமதிக்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

பகுதிநேர மாணவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுவே. வகுப்புகளை எப்படியோ முடித்துவிடுவார்கள். அனுமதிக்குக் காத்திருந்தே ஆய்வேட்டின் காலம் ஓடிவிடும். ஏற்கெனவே உள்ள பொதுத் தரவுகளை ஆராய்வது, வெளிவந்த ஆய்வுகளை முறைப்படித் தொகுத்து மதிப்பிடுவது, நடுவர் குழுவாகப் பொதுமக்களை உட்கார வைத்துக் கற்பனை வழக்கைத் தீர்க்கச் சொல்லும் ஆன்லைன் சோதனை ஆகியவை வேலை பார்ப்பவர்களுக்கு ஏற்ற வழிகள். கடைசியாகச் சொன்னதற்கும் நெறிமுறை அனுமதி வேண்டும், ஆனால் சீக்கிரம் கிடைக்கும்.

புள்ளியியல் என்றாலே பயம். சமாளிக்க முடியுமா?

முடியும். எஸ்.பி.எஸ்.எஸ். அல்லது ஆர் மென்பொருளைப் பழகிக்கொள்ளலாம், கணக்கை அது போட்டுவிடும். வந்த விடைக்கு என்ன பொருள் என்று சொல்வதுதான் உங்கள் வேலை. படிப்பு தொடங்குவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே சராசரி, திட்ட விலக்கம், தொடர்புக் கெழு, முக்கியத்துவச் சோதனை வரை தொட்டுப் பார்த்துவிட்டால் முதல் செமஸ்டரில் பாதிச் சுமை இறங்கிவிடும்.

பொய் சொல்பவரைக் கண்டுபிடிக்கக் கற்றுத் தருவார்களா?

கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று கற்றுத் தருவார்கள். 2006இல் சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொய்யையும் உண்மையையும் பிரித்துச் சொல்வதில் மனிதர்களின் சராசரித் துல்லியம் சுமார் 54 சதவீதமாக இருந்தது. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். தொழில்ரீதியாக விசாரிப்பவர்களும் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி மேலாக இல்லை. கண்ணைப் பார்க்கவில்லை, கால் ஆட்டினார் என்பதையெல்லாம் வைத்து முடிவெடுப்பது எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்து புரியும். இங்கிலாந்தும் வேல்ஸும் 1990களின் தொடக்கத்தில், வாக்குமூலம் கறப்பதை விட்டுத் தகவல் திரட்டுவதை நோக்கமாகக் கொண்ட விசாரணை முறைக்கு மாறியதற்கும் தவறான தண்டனைகள் தந்த படிப்பினைதான் காரணம். இந்தியாவில் உண்மை கண்டறியும் சோதனை, போதை மருந்து கொடுத்து நடத்தும் நார்கோ சோதனை, மூளை வரைவுச் சோதனை ஆகியவற்றை ஒருவரின் சம்மதமின்றி நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் தீர்ப்பளித்தது.

பதினைந்து வருட அனுபவம் இருக்கிறது. அது வகுப்பில் உதவுமா?

உதவும், சங்கடமும் தரும். இரண்டையும் சொல்லிவிட வேண்டும்.

சிறையின் மதிய நேரம் எப்படி இருக்கும், நீதிமன்றத்தில் ஒரு வழக்கு எத்தனை முறை தள்ளிப்போகும், கைதியின் தாய் மனு எழுதத் தெரியாமல் எங்கே நிற்பார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கல்லூரியிலிருந்து நேராக வந்த மாணவருக்குத் தெரியாது. ஒரு மறுவாழ்வுத் திட்டம் தாளில் நன்றாக இருந்தாலும், வார்டு பூட்டும் நேரத்தோடு ஒத்துப்போகாது என்று நீங்கள் ஒரே பார்வையில் சொல்லிவிடுவீர்கள்.

‘முகத்தைப் பார்த்தாலே தெரியும், இவன் திரும்ப வருவான்’ என்ற வகை அனுபவம்தான் சிக்கல். அமெரிக்காவில் 1966இல் பேக்ஸ்ட்ராம் வழக்கின் தீர்ப்பால், ஆபத்தானவர்கள் என்று நிபுணர்கள் அடைத்து வைத்திருந்த 900க்கும் மேற்பட்டோர் நியூயார்க்கில் சாதாரண மனநல மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டார்கள். பின்னர் தொடர்ந்து கவனித்ததில் பெரும்பான்மையினர் எந்த வன்முறையிலும் ஈடுபடவில்லை. 1983இல் அங்கே உச்ச நீதிமன்றம் வரை போன பேர்ஃபுட் வழக்கில், குற்றவாளியை நேரில் ஒருமுறைகூடப் பரிசோதிக்காத மனநல மருத்துவர்கள் அவர் மீண்டும் வன்முறை செய்வார் என்று சாட்சி சொன்னார்கள். அவர்களில் ஒருவர் நூறு சதவீதம் நிச்சயம் என்றார். அப்படிப்பட்ட நீண்டகாலக் கணிப்புகளில் மூன்றுக்கு இரண்டு தவறு என்று மனநல மருத்துவர்களின் சங்கமே நீதிமன்றத்திடம் கூறியது. ஆனாலும் அந்தச் சாட்சியம் ஏற்கப்பட்டது, மரண தண்டனையும் நிறைவேற்றப்பட்டது.

இதனால்தான் இன்று வன்முறை அபாயத்தை மதிப்பிட எச்.சி.ஆர்.-20 போன்ற கட்டமைக்கப்பட்ட கருவிகள் வந்திருக்கின்றன. கடந்தகாலம் பற்றி 10, இப்போதைய மனநிலை பற்றி 5, எதிர்காலச் சூழல் பற்றி 5 என்று 20 காரணிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லும் கருவி அது. உள்ளுணர்வைத் தூக்கி எறியச் சொல்வதில்லை. எந்த ஆதாரத்தின் மேல் நிற்கிறது என்று காட்டச் சொல்கிறது. அனுபவசாலிக்கு இது முதலில் அவமானமாகக்கூட இருக்கும். பொறுத்துக்கொண்டு பழகியவர்கள், பிறகு தங்கள் முடிவுகளை மேலதிகாரி முன்னாலும் வழக்கறிஞர் முன்னாலும் நடுக்கமில்லாமல் விளக்குகிறார்கள்.

அறிக்கை எழுதுவது கடினம் என்கிறார்களே?

ஆமாம், நல்ல கடினம். ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம். வேலையில் இருந்து வரும் மாணவர் முதல் வரைவில் பெரும்பாலும் இப்படி எழுதுவார்: ‘இவர் சூழ்ச்சிக்காரர். செய்த தவறுக்கு வருந்தவில்லை. மீண்டும் குற்றம் செய்வார்.’

இதில் மூன்று தீர்ப்புகள் இருக்கின்றன, ஆதாரம் ஒன்றுகூட இல்லை. திருத்தினால் எப்படி ஆகும்? ‘இரண்டு நேர்காணல்களிலும் சம்பவத்தைப் பற்றிக் கேட்டபோது பேச்சை மாற்றினார். பாதிக்கப்பட்டவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இது வருத்தமின்மையாக இருக்கலாம், வழக்கறிஞரின் அறிவுரையால் இருக்கலாம், வெட்கத்தாலும் இருக்கலாம். விடுதலைக்குப் பின் தங்க இடமும் மது மறுவாழ்வும் இல்லாவிட்டால் அபாயம் கூடும்.’ நீளம் கூடிவிட்டது, நீதிபதிக்குப் பயனும் கூடிவிட்டது. என்ன செய்தால் அபாயம் குறையும் என்று அதில் ஒரு வழி தெரிகிறது. கனடாவில் ஆண்ட்ரூஸ், போன்டா, ஹோக் மூவரும் 1990இல் முன்வைத்த கோட்பாட்டின் சாரமும் இதுதான்: அபாயம் அதிகமுள்ளவருக்கு அதிக உதவி, குற்றத்துக்குக் காரணமான தேவைகளைக் குறிவைத்த உதவி, அந்த ஆளுக்குப் புரியும் விதத்தில் உதவி.

இந்த ஒரு திறமைக்காகவே இந்தப் படிப்பை நான் பரிந்துரைப்பேன். ஓர் அறிக்கையின் ஒரு சொல், ஒரு மனிதர் எத்தனை வருடம் உள்ளே இருப்பார் என்பதை மாற்றிவிடும்.

கொடூரமான வழக்குகளைப் படிப்பது மனதைப் பாதிக்காதா?

பாதிக்கும். பகல் முழுக்க அதே மாதிரி வேலை, இரவும் அதே விஷயத்தில் வாசிப்பு என்றால் இடைவெளியே இருக்காது. தூக்கம் கெடுவது, குழந்தைகளை வெளியே விடப் பயம், எல்லோரையும் சந்தேகிப்பது, அல்லது எதைப் படித்தாலும் எதுவும் உறைக்காமல் போவது, இவையெல்லாம் அறிகுறிகள். கடைசியாகச் சொன்னதைப் பலரும் மன உறுதி என்று தவறாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இரவு படுக்கும் முன் வழக்கு விவரங்களைப் படிக்காதீர்கள், அந்த நேரத்துக்குப் புள்ளியியலை வைத்துக்கொள்ளுங்கள். மேற்பார்வையாளரிடம் பாடத்தைப் பற்றி மட்டுமின்றி அது உங்களை என்ன செய்கிறது என்றும் சொல்லுங்கள். உங்கள் சொந்த வாழ்க்கையில் நடந்த ஒன்றை ஒத்த தலைப்பு வந்தால், மாற்றுத் தலைப்பு கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. காரணத்தை விளக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

களப்பயிற்சி இருக்குமா? வேலையோடு எப்படி?

சில படிப்புகளில் கட்டாயம், சிலவற்றில் இல்லை. கட்டாயம் என்றால் எத்தனை மணி நேரம், யார் இடம் பிடித்துத் தருவார்கள், இப்போதைய வேலையையே கணக்கில் எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். எடுத்துக்கொண்டாலும், வழக்கமான பணியிலிருந்து வேறுபட்ட ஒன்றைச் செய்யச் சொல்வார்கள். சிறை, நீதிமன்றம் போன்ற இடங்களுக்குப் பின்னணிச் சரிபார்ப்பு தேவை, அதற்கும் வாரக்கணக்கில் ஆகும்.

நடுவில் நிறுத்த நேர்ந்தால்?

பிரிட்டிஷ் முறையில் 60 கிரெடிட் முடித்திருந்தால் முதுகலைச் சான்றிதழும், 120 முடித்திருந்தால் முதுகலைப் பட்டயமும் வாங்கிக்கொண்டு வெளியேறலாம். தற்காலிகமாக நிறுத்திவைக்கும் வசதியும் பல இடங்களில் உண்டு. பிரச்சினை முற்றும் வரை காத்திருக்காமல் முதல் டெட்லைன் தவறும்போதே பேசினால் வழிகள் அதிகம்.

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

தடையே இல்லை. இந்தத் துறையில் முதிர்ச்சிக்கு மதிப்பு உண்டு. எதிரே உட்கார்ந்திருக்கும் கைதிக்கும் அது தெரியும்.

சேரும் முன் பல்கலைக்கழகத்திடம் என்னென்ன கேட்க வேண்டும்?

அங்கீகாரம் யாருடையது, எந்த ஆண்டு வரை செல்லும் என்று முதலில். பகுதிநேரத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று அடுத்து. முழுநேரத்தையும் பகுதிநேரத்தையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொன்னால் பிரித்துக் கேளுங்கள். ஆய்வேட்டு மேற்பார்வையாளர் மாலையிலோ சனிக்கிழமையிலோ கிடைப்பாரா? நூலகத்தின் ஆய்விதழ்களை வீட்டிலிருந்து படிக்க முடியுமா? கற்பிப்பவர்களில் எத்தனை பேர் இப்போதும் சிறையிலோ மருத்துவமனையிலோ நீதிமன்றத்திலோ வேலை செய்கிறார்கள்? கட்டணத்தைத் தவணையில் கட்டலாமா, இரண்டாம் வருடம் உயருமா?

இவற்றோடு, இப்போது இரண்டாம் வருடத்தில் இருக்கும் பகுதிநேர மாணவர் ஒருவரிடம் பேச ஏற்பாடு செய்து தரச் சொல்லுங்கள். தயங்காமல் தொடர்பு ஏற்படுத்தித் தரும் துறையில் நம்பிச் சேரலாம். அந்த மாணவரிடம் பாடத்திட்டத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம், அது இணையதளத்திலேயே இருக்கும். போன தடவை வேலையில் நெருக்கடி வந்தபோது டெட்லைனை எத்தனை நாள் தள்ளித் தந்தார்கள், அதற்கு யாரிடம் எத்தனை முறை எழுத வேண்டியிருந்தது என்று கேளுங்கள்.